நிலக்கரிப் புகையும் நகரக் காற்றின் நச்சுத் தனிமங்களும்: ஓர் ஆய்வு

நகரக் காற்றின் தரத்தைப் பற்றிய பொதுப்பேச்சு பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைச் சுற்றியே நடைபெறுகிறது. ஒரு கனமீட்டர் காற்றில் 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டமுடைய துகள்கள் எத்தனை மைக்ரோகிராம் மிதக்கின்றன என்பதைக் குறிக்கும் அந்த எண், 'பி.எம். 2.5' என்ற பெயரில் நாளிதழ்களிலும் கைப்பேசிகளிலும் அன்றாடம் இடம்பெறுகிறது. அரசுகளின் இலக்குகளும் நீதிமன்றங்களின் கேள்விகளும் அதையே அடிப்படையாகக் கொள்கின்றன. ஆயினும், எடையை மட்டும் கூறும் அந்த எண், துகள்கள் எவற்றால் ஆனவை என்பதைக் கூறுவதில்லை. கடலிலிருந்து வந்த உப்பும், சாலையிலிருந்து எழுந்த புழுதியும், நிலக்கரி உலையிலிருந்து வெளியேறிய ஆர்சனிக் படிந்த சாம்பலும் தராசில் ஒரே கணக்கில் சேர்கின்றன. உடலுக்குள் அவை செய்யும் வேலையோ வெவ்வேறானது. நிலக்கரி எரிப்பினால் நகரக் காற்றில் சேரும் நச்சுத் தனிமங்கள் எங்கிருந்து வருகின்றன, உலையில் எவ்வாறு நுண்துகள்களில் ஏறுகின்றன, உடலை எவ்வாறு பாதிக்கின்றன, அவற்றைக் குறைப்பதில் நகரங்கள் கண்ட பயன் என்ன என்பனவற்றைத் தொகுத்து நோக்கினால், எடையைக் குறைப்பது தேவையானதே என்றாலும் அதுமட்டும் போதாது என்பது தெளிவாகும்.

நிலக்கரியில் தனிமங்கள்

பல கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலங்களில் புதையுண்ட தாவரங்களே நிலக்கரியாக மாறின. அத்தாவரங்கள் மண்ணிலிருந்து உறிஞ்சியவை, வெள்ளம் அடித்துவந்த களிமண், பின்னாளில் பாறைப் பிளவுகளின் வழியே ஊடுருவிய வெந்நீர் கொணர்ந்த கனிமங்கள் ஆகிய அனைத்தும் அதனுள் தங்கின. இயற்கையில் கிடைக்கும் தனிமங்களில் பெரும்பாலானவை நிலக்கரியில் உள்ளன. டன்னுக்குச் சில கிராம் என்னும் மிகச்சிறு அளவிலேயே காணப்படுபவை சுவட்டுத் தனிமங்கள் எனப்படுகின்றன. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்தில் 1990-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், தீங்கு தரும் காற்று மாசுகளின் பட்டியலில் ஆன்டிமனி, ஆர்சனிக், பெரிலியம், காட்மியம், குரோமியம், கோபால்ட், ஈயம், மாங்கனீசு, பாதரசம், நிக்கல், செலினியம் ஆகிய பதினொரு தனிமங்களின் சேர்மங்களைச் சேர்த்தது. இப்பதினொன்றும் நிலக்கரியில் இருப்பவை.

ஒவ்வொரு தனிமமும் நிலக்கரியின் எப்பகுதியுடன் பிணைந்துள்ளது என்பது அதன் பின்னைய போக்கைத் தீர்மானிக்கிறது. ஆர்சனிக்கும் பாதரசமும் பெரும்பாலும் பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமத்தில் தங்கியிருப்பதால், நிலக்கரியைக் கழுவிப் பைரைட்டை நீக்கினால் அவற்றின் ஒரு பகுதியும் நீங்கும். கரிமப் பொருளோடு இறுகப் பிணைந்த தனிமங்களைக் கழுவிப் பிரிக்க இயலாது. சுரங்கத்துக்குச் சுரங்கம் இவற்றின் அளவு பெரிதும் வேறுபடுகிறது. உலக நிலக்கரியில் ஆர்சனிக்கின் சராசரி டன்னுக்கு 8 அல்லது 9 கிராம் என்று மதிப்பிடப்பட்டிருக்க, சீனாவின் குய்சோ மாநிலத்தில் சில இடங்களில் டன்னுக்கு 35 கிலோகிராம் வரை ஆர்சனிக் கொண்ட நிலக்கரி கண்டறியப்பட்டது.

டன்னுக்குச் சில கிராம் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் எரிக்கப்படும் நிலக்கரியின் அளவு மிகப் பெரிது. இந்திய நிலக்கரியைக் கொண்டு இயங்கும் 1,000 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 40 முதல் 50 லட்சம் டன் வரை எரிக்கிறது. அந்நிலக்கரியில் உலகச் சராசரி அளவே ஆர்சனிக் இருப்பதாகக் கொண்டாலும், ஆண்டுதோறும் 32 முதல் 45 டன் வரை ஆர்சனிக் அந்த ஒரே உலையின் வழியே கடந்துசெல்லும். அதில் எவ்வளவு சாம்பலில் அடங்குகிறது, எவ்வளவு காற்றில் கலக்கிறது என்பதே அடுத்த கேள்வி.

உலையில் நிகழும் பிரிவு

மின் நிலையங்களில் நிலக்கரி மாவாக அரைக்கப்பட்டு, 1,300 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் எரிக்கப்படுகிறது. அவ்வெப்பத்தில் தனிமங்கள் தம் ஆவியாகும் இயல்புக்கு ஏற்ப மூன்று வகையாகப் பிரிகின்றன. மாங்கனீசு, தோரியம் போன்றவை ஆவியாகாமல் உருகிய கனிமத்துடனே தங்கி, உலையின் அடியில் விழும் சாம்பலிலும் புகையோடு எழும் சாம்பலிலும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்படுகின்றன. ஆர்சனிக், காட்மியம், ஈயம், ஆன்டிமனி போன்றவை உலைக்குள் ஆவியாகி, புகை குளிரும்போது மிதக்கும் சாம்பல் துகள்களின் மேற்பரப்பில் படிகின்றன. பாதரசம் போன்ற மூன்றாம் வகையினவற்றில் பெரும்பகுதி கடைசிவரை ஆவியாகவே நின்று புகைபோக்கியைக் கடக்கிறது. செலினியம் இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் இடையே நிற்கிறது.

இவற்றுள் இரண்டாம் வகையே நகரத் துகள்களைப் பொறுத்தவரை முதன்மையானது. குறிப்பிட்ட எடையுள்ள பொருள் எவ்வளவு சிறு துகள்களாகப் பிரிகிறதோ அவ்வளவு அதிகமான மேற்பரப்பைப் பெறுவதால், ஆவியிலிருந்து படியும் தனிமங்கள் எடைக்கு எடை நுண்துகள்களிலேயே மிகுதியாகச் சேர்கின்றன. நேட்டஷ், வாலஸ், எவான்ஸ் ஆகியோர் 1974-இல் வெளியிட்ட ஆய்வு, நச்சுச் சுவட்டுத் தனிமங்கள் நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லக்கூடிய அளவிலான துகள்களிலேயே செறிந்திருப்பதை எடுத்துக்காட்டியது. பின்வந்த அளவீடுகள் பலவும் இதை உறுதிசெய்துள்ளன. ஆவியாகிய தனிமம் துகளின் உட்புறத்தில் சிறைப்படாமல் மேற்புறத்தில் மெல்லிய படலமாகத் தங்குவதால், உடலின் நீர்மங்களில் அது எளிதில் கரையவும் வாய்ப்புண்டு.

உலையிலிருந்து எழும் சாம்பலைப் பிடிப்பதற்கு நிலைமின் வீழ்த்திகள் பயன்படுகின்றன. துகள்களுக்கு மின்னேற்றம் தந்து, அதற்கு எதிரான மின்னேற்றமுள்ள தகடுகளின்பால் இழுத்துப் பிடிக்கும் இக்கருவி, எடைக்கணக்கில் 99 சதவீதத்துக்கும் மேலான சாம்பலைத் தடுக்க வல்லது. ஆனால் அதன் திறன் எல்லா அளவுத் துகள்களுக்கும் ஒன்றாக இல்லை. பெரிய துகள்கள் எளிதில் சிக்குகின்றன, 0.1 முதல் 1 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்களே மிக எளிதில் தப்புகின்றன. நச்சுத் தனிமங்கள் செறிந்திருப்பதும் அந்நுண்துகள்களிலேயே. இந்திய நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம் வரை இருப்பதால், ஆண்டுக்கு 45 லட்சம் டன் எரிக்கும் நிலையமொன்றில் 10 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட சாம்பல் புகையோடு எழுகிறது, அதில் 99.9 சதவீதம் பிடிபட்டாலும் ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் வெளியேறும் என்பது எளிய கணக்கு. வெளியேறும் அப்பகுதி, பிடிபட்ட பகுதியைவிட எடைக்கு எடை நச்சு மிகுந்தது என்பதை எடைக்கணக்கு காட்டுவதில்லை.

வீட்டு அடுப்புகளிலும் சிறு கொதிகலன்களிலும் எரியும் நிலக்கரியின் நிலை இன்னும் மோசமானது. அவற்றில் வெப்பம் குறைவாதலால் எரிதல் முழுமையடைவதில்லை. துகள் பிடிக்கும் கருவி எதுவும் இல்லை. புகை வெளியேறுவது மக்கள் வாழும் உயரத்திலேயே. இதனால் நாட்டின் மொத்த நிலக்கரிப் பயன்பாட்டில் சிறு பங்கே வீடுகளில் எரிந்தாலும், மக்கள் சுவாசிக்கும் மாசில் அதன் பங்கு பன்மடங்கு பெரிதாகிவிடுகிறது.

மூலத்தைக் கண்டறியும் வழிகள்

நகரத்தின் நடுவே வைத்த வடிதாளில் படிந்த துகளில் எவ்வளவு நிலக்கரியிலிருந்து வந்தது என்பதைக் கூறுவது எளிதன்று. முதற்படியாக, வடிதாளில் உள்ள தனிமங்களின் அளவு ஊடுகதிர் ஒளிர்வு, பிளாஸ்மா நிறைநிரல் அளவி போன்ற முறைகளால் அறியப்படுகிறது. அடுத்து, செறிவுக் காரணி கணக்கிடப்படுகிறது. புவியோட்டில் அலுமினியத்துக்கும் ஒரு தனிமத்துக்கும் இடையே உள்ள விகிதத்தைக் காற்றுத் துகளில் உள்ள அதே விகிதத்தோடு ஒப்பிட்டு, அத்தனிமம் மண்ணிலிருந்து வந்திருக்குமா என்று சோதிப்பதே இம்முறை. விகிதங்கள் ஒத்திருந்தால் மண்ணே காரணம் எனக் கொள்ளலாம். காற்றில் அத்தனிமம் பல பத்து அல்லது பல நூறு மடங்கு மிகுந்திருந்தால் மனிதச் செயலைத் தேடவேண்டும்.

அதற்கும் அடுத்த நிலையில், ஒவ்வொரு மூலத்துக்கும் உரிய தனிமச் சேர்க்கையை அடையாளமாகக் கொள்ளும் புள்ளியியல் முறைகள் உள்ளன. வனேடியமும் நிக்கலும் சேர்ந்து உயர்ந்தால் கப்பல்களிலும் ஆலைகளிலும் எரியும் கனரக எண்ணெயையும், செலினியமும் ஆர்சனிக்கும் கந்தகத்தோடு சேர்ந்து உயர்ந்தால் நிலக்கரியையும் ஆய்வாளர்கள் சந்தேகிக்கின்றனர். ஆனால் செம்பு உருக்காலைகளும் ஆர்சனிக்கை வெளியிடுவதால், ஒற்றைத் தனிமத்தைக் கொண்டு முடிவுக்கு வருவது தவறாகும். ஈயத்தைப் பொறுத்தவரை அதன் ஓரிடத்தான்கள், அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுடைய வகைகள், கூடுதல் சான்று தருகின்றன. பெட்ரோலில் சேர்க்கப்பட்ட ஈயத்துக்கும் நிலக்கரியின் ஈயத்துக்கும் ஓரிடத்தான் விகிதங்கள் வேறுபடலாம். இந்தியாவும் சீனாவும் 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோலைக் கைவிட்டன; அதன்பின் ஷாங்காய் போன்ற நகரங்களின் காற்றில் எஞ்சிய ஈயத்துக்கு நிலக்கரி முக்கிய மூலமாக இருப்பதை இத்தகைய ஆய்வுகள் காட்டின. ஒரு மூலம் அடைபட்டபின் அதனால் மறைந்திருந்த மற்றொன்று வெளிப்படும் என்பதற்கு இது தக்க சான்று.

உடலில் விளையும் கேடு

உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஆர்சனிக், காட்மியம், பெரிலியம், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், நிக்கல் சேர்மங்கள் ஆகியவற்றை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதற்பிரிவில் வைத்துள்ளது. வீட்டுக்குள் நிலக்கரி எரிப்பதால் எழும் புகையும் அதே பிரிவில் சேர்க்கப்பட்டது. 2013-இல் வெளிப்புறக் காற்று மாசும் அதில் உள்ள நுண்துகள்களும் அப்பிரிவில் இடம்பெற்றன. இங்குத் தனிமத்தின் பெயரோடு அதன் வேதி வடிவமும் கருதத்தக்கது. குரோமியத்தின் ஆறு இணைதிறன் வடிவம் புற்றுநோய் விளைவிப்பது. மூன்று இணைதிறன் வடிவம் அப்பிரிவில் இல்லை. நிலக்கரிச் சாம்பலில் பெரும்பகுதி பின்னையதே என்பதால், மொத்தக் குரோமியத்தை மட்டும் அளந்து தீங்கைக் கணக்கிடுவது பிழையாக முடியும்.

புற்றுநோய் நெடுங்காலத்தில் விளைவது. அதற்கு முன்பே இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும் வழி வேறொன்று உண்டு. இரும்பு, செம்பு போன்ற உலோகங்கள் நுரையீரலின் நீர்மத்தில் கரைந்து, செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உருவாக்குகின்றன. அழற்சி அதன் விளைவு. உலோகம் கரைய அமிலம் தேவை. நிலக்கரியின் கந்தகத்திலிருந்து பிறக்கும் கந்தக அமிலமே அவ்வேலையைச் செய்ய வல்லது என்பதால், சல்பேட்டும் உலோகமும் தனித்தனிக் கேடுகள் என்று பிரித்துப் பார்ப்பதைவிட ஒன்றுக்கொன்று துணைநிற்பவை என்று காண்பதே பொருந்தும்.

மக்கள்தொகை ஆய்வுகளும் இதே திசையைச் சுட்டுகின்றன. தர்ஸ்டனும் அவர் குழுவினரும் 2016-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், செலினியம், ஆர்சனிக் ஆகியவற்றால் அடையாளம் காணப்பட்ட நிலக்கரித் துகள்கள், பொதுவான நுண்துகள்களைவிட எடைக்கு எடை ஏறத்தாழ ஐந்து மடங்கு வலுவாக இதயத் தமனி நோய் இறப்புடன் தொடர்புற்றிருந்தன. ஹென்னமன் குழுவினர் 2023-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, அமெரிக்க முதியோரிடையே 1999 முதல் 2020 வரையில் நிலக்கரி மின் நிலையங்களின் நுண்துகள்களால் 4,60,000 இறப்புகள் நேர்ந்ததாக மதிப்பிட்டது. எல்லா மூலங்களின் நுண்துகள்களோடு ஒப்பிட இவற்றின் இறப்பு அபாயம் 2.1 மடங்கு எனவும் கண்டது. இக்கேட்டுக்கு உலோகங்களே காரணமா, அன்றி அவை நிலக்கரிப் புகையின் அடையாளம் மட்டுமா என்பதில் அறிவியலார் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஒரே புகையில் கரியும் கந்தகமும் உலோகமும் சேர்ந்தே வருவதால் அவற்றின் விளைவுகளைப் பிரித்தறிவது கடினம். ஆயினும் மூன்றையும் ஒருங்கே குறைக்கும் வழி ஒன்றே என்பதால், இவ்விவாதம் முடியும்வரை செயலைத் தள்ளிப்போட நியாயம் இல்லை.

நகரங்கள் கண்ட பயன்

லண்டனில் 1952-ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை நிலவிய புகைமூட்டம் ஏறத்தாழ 4,000 பேரைக் கொன்றதாக அக்காலத்தில் கணக்கிடப்பட்டது. அடுத்த மாதங்களின் இறப்பையும் சேர்த்துப் பின்னாளில் செய்த மதிப்பீடு அதை 12,000 வரை உயர்த்தியது. இப்பேரிடரின் விளைவாக 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்து, வீட்டுக் கணப்புகளின் புகையைக் கட்டுக்குள் கொணர்ந்தது. அன்று இறந்தோரின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை 2003-இல் மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்தபோது, கரித்துகள்களோடு ஈயம் முதலிய உலோகத் துகள்களும் காணப்பட்டன.

அயர்லாந்தின் டப்ளினில் 1990 செப்டம்பர் 1 அன்று புகை மிகுந்த நிலக்கரியின் விற்பனை தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் காற்றின் கரும்புகை ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. இதய நோய் இறப்பும் உடன் குறைந்ததாக 2002-இல் கூறப்பட்டது. பின்வந்த மறு ஆய்வில், இதய நோய் இறப்பு தடை இல்லாத பகுதிகளிலும் குறைந்துவந்தமை தெரிந்தது, சுவாச நோய் இறப்பின் குறைவு மட்டும் நிலைபெற்றது. போலந்தின் கிராக்கோவ் நகரம் 2019 செப்டம்பரில் வீடுகளில் நிலக்கரியும் விறகும் எரிப்பதை முற்றிலும் தடுத்தது.

சீனாவின் அனுபவம் அளவில் பெரிது. ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே குளிர்காலத்தில் நிலக்கரியால் வீடுகளை வெப்பமூட்டிய நெடுங்காலக் கொள்கையால், வடபகுதி மக்களின் ஆயுள் சராசரியாக 3.1 ஆண்டு குறைந்ததாக 2017-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. காற்று மாசைக் குறைக்க 2013-இல் தொடங்கிய செயல்திட்டத்தின்படி பெய்ஜிங் தன் கடைசிப் பெரிய நிலக்கரி மின் நிலையத்தை 2017 மார்ச்சில் நிறுத்தியது. சுற்றுப்புற ஊர்களின் அடுப்புகள் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் மாற்றப்பட்டன. 2013-இல் கனமீட்டருக்கு 89.5 மைக்ரோகிராமாக இருந்த பெய்ஜிங்கின் பி.எம். 2.5 ஆண்டுச் சராசரி 2021-இல் 33 ஆகியது. ஆனால் 2017 குளிர்காலத்தில் நிலக்கரி பறிக்கப்பட்டும் எரிவாயு வந்துசேராத வீடுகள் குளிரில் தவித்தன என்பதையும் மறக்கலாகாது; மாற்று எரிபொருள் கைக்கு எட்டுமுன் தடை விதிக்கும் கொள்கை, அதன் சுமையை ஏழைகளின் தோளிலேயே ஏற்றுகிறது.

இந்தியாவின் நிலை

இந்தியா 2009-இல் வகுத்த காற்றுத் தர அளவுகளில் துகள் எடையோடு ஈயம், ஆர்சனிக், நிக்கல் ஆகிய மூன்று தனிமங்களும் இடம்பெற்றன. ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு ஈயம் 0.5 மைக்ரோகிராம், ஆர்சனிக் 6 நானோகிராம், நிக்கல் 20 நானோகிராம் என்பன வரம்புகள். பி.எம். 2.5-க்கு அனுமதிக்கப்பட்ட அளவு 40 மைக்ரோகிராம், அதாவது 40,000 நானோகிராம். எனவே வரம்பை முற்றிலும் எட்டிய ஆர்சனிக் கூடத் துகள் எடையில் ஏறத்தாழ 6,700-இல் ஒரு பங்கே. எடை பார்க்கும் கருவி அதை ஒருபோதும் உணராது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, வாழ்நாள் முழுதும் 6.6 நானோகிராம் ஆர்சனிக் கொண்ட காற்றைச் சுவாசிப்போரில் லட்சத்துக்கு ஒருவருக்கு அதனால் புற்றுநோய் வரலாம். ஐரோப்பிய ஒன்றியம் 5 நானோகிராம் என்று வரையறுத்த காட்மியத்துக்கு இந்தியாவில் வரம்பே இல்லை.

மின் நிலையங்களின் புகைக்கு 2015 டிசம்பரில் துகள், கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், பாதரசம் ஆகியவற்றுக்கான புதிய வரம்புகள் அறிவிக்கப்பட்டன. 2017-க்குள் நிறைவேற வேண்டிய அவை பலமுறை ஒத்திவைக்கப்பட்டன. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கருவி தேவையில்லை என்று விலக்கு தரப்பட்டது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது இதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆனால் அக்கருவி, கந்தகத்தோடு செலினியத்தையும் பாதரசத்தின் ஒரு பகுதியையும் தப்பிய நுண்துகள்கள் சிலவற்றையும் பிடிக்கக்கூடியது என்பதும், உலோகங்களைக் கரைக்கும் அமிலத்தின் பிறப்பைத் தடுப்பது என்பதும் அக்கணக்கில் உரிய இடம் பெறவேண்டியவை. தில்லியில் பதர்பூர் நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது. தலைநகரப் பகுதியின் ஆலைகளில் நிலக்கரி எரிப்பதும் 2023 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டது, எனினும் அனல்மின் நிலையங்களுக்கு அத்தடை பொருந்தாது.

தமிழ்நாட்டில் இவ்வினா வடசென்னையை நேரடியாகத் தொடுகிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டபோதிலும், அதே வட்டாரத்தில் வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் நிலையமும் இயங்குகின்றன. அங்குக் காற்றுக்குச் சாம்பல் வரும் வழி புகைபோக்கி மட்டுமன்று. குழாய்களில் கசிந்து கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் பரவிய சாம்பல் காய்ந்தபின் காற்றில் எழுகிறது. சாம்பல் குளங்களும் மூடப்படாத லாரிகளும் அதைப் பெருக்குகின்றன. மீன்பிடித்தும் இறால் தடவியும் வாழும் எண்ணூர் மக்கள் நீரில் ஒரு முறையும் காற்றில் ஒரு முறையுமாக அதே சாம்பலை எதிர்கொள்கின்றனர். துறைமுகமும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் அருகிலேயே இருப்பதால், வனேடியம், நிக்கல் ஒருபுறமும் ஆர்சனிக், செலினியம் மறுபுறமுமாகப் பிரித்து அளக்கும் தொடர் கண்காணிப்பு இவ்வட்டாரத்துக்கு மிகவும் தேவைப்படுகிறது.

செய்யத்தக்கவை

தொழில்நுட்பத்தில் குறை ஏதும் இல்லை. நிலக்கரியைக் கழுவுதல், நிலைமின் வீழ்த்தியோடு துணிப்பை வடிகட்டிகளைச் சேர்த்தல், கந்தகம் நீக்கும் கருவி, பாதரசத்தைப் பிடிக்கும் கிளர்வூட்டிய கரி ஆகிய அனைத்தும் உலகில் பல்லாண்டு பயன்பாட்டில் உள்ளவை. பாதரசத்துக்கென 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையை இந்தியாவும் ஏற்றுள்ளது. ஆனால் பிடித்த நஞ்சு அழிவதில்லை. அது சாம்பலிலும் கழிவுநீரிலும் தங்குகிறது. காற்றைக் காத்துச் சாம்பல் குளத்தைக் கைவிட்டால் அதே நஞ்சு மண்ணின் வழியும் புழுதியின் வழியும் திரும்பும். ஆகவே நிலக்கரி எரிப்பையே படிப்படியாகக் குறைப்பது ஒன்றே முழுமையான தீர்வு. இடைக்காலத்தில் வடிகட்டியும் சாம்பல் மேலாண்மையும் ஒன்றாகவே நடைபெறவேண்டும்.

அதற்கு முதற்படி அளவீடு. நிலக்கரி நிலையங்களை அடுத்த குடியிருப்புகளில் துகளின் எடையோடு ஆர்சனிக், காட்மியம், ஈயம், செலினியம், நிக்கல், குரோமியத்தின் வடிவங்கள் ஆகியவற்றையும் மாதந்தோறும் அளந்து, அங்கு வாழ்வோருக்குப் புரியும் மொழியில் வெளியிடுவது அரசின் கடமை. எடை குறைந்துவிட்டது என்ற அறிவிப்பு உண்மையாக இருக்கும் அதே நாளில், குறைந்த அந்த எடைக்குள் ஆர்சனிக்கின் பங்கு உயர்ந்திருக்கவும் கூடும். காட்மியத்துக்கு வரம்பு வகுப்பதும், ஆர்சனிக்குக்கு வகுத்த வரம்பை உண்மையில் சோதிப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் செயல்கள் அல்ல. அவை நடைபெறாதவரை நிலக்கரியின் விலையில் ஒரு பகுதியை, அதன் மின்சாரத்தால் மிகுந்த பயன் பெறுவோருக்குப் பதிலாக அதன் நிழலில் வாழ்வோரே தம் உடல்நலத்தால் செலுத்திக்கொண்டிருப்பர்.